20,000 கி.மீ.க்குள் பிரேக் பேட் தேய்ந்துவிட்டதா? பில்லுக்குச் சம்மதிக்கும் முன் பேடைப் பாருங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஒன்றரை வருடத்துக்கு முன் ஆட்டோமேட்டிக் காம்பாக்ட் எஸ்யூவி வாங்கினேன். 19,500 கி.மீ. ஓடியிருக்கிறது. 20,000 கி.மீ. சர்வீஸுக்கு விட்டால் ரூ. 21,350க்கு எஸ்டிமேட் தருகிறார்கள். முன் பேட் 80 சதவீதம் தேய்ந்துவிட்டது, டிஸ்க்கிலும் கோடு விழுந்திருக்கிறது, இரண்டையும் மாற்ற வேண்டும், வாரன்டியில் வராது என்கிறார்கள். மகள் குன்னூரில் படிப்பதால் மாதம் மூன்று தடவையாவது மலை ஏறி இறங்குகிறோம். இதற்கு முன் வைத்திருந்த மேனுவல் காரிலும் இதே போக்குவரத்துதான், 45,000 கி.மீ. வரை பேடைத் தொடவில்லை. இது காரின் குறையா, நான் ஓட்டுவதில் குறையா, அல்லது பில்லை ஏற்றுகிறார்களா?"

உங்கள் மூன்று சந்தேகத்துக்கும் பதில் அந்தப் பேடுகளிலேயே இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துபவைதான் பேடுகள். அதனால் முதல் வேலை, எஸ்டிமேட்டுக்குச் சம்மதம் சொல்லாமல் நேரில் போய், முன் சக்கரங்களைக் கழற்றச் சொல்லி, பேடை உங்கள் கண்ணால் பார்ப்பது. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோ போதாது.

"80 சதவீதம்" என்பது அளவே இல்லை. பெரும்பாலான கார்களில் புது முன் பேடின் உராயும் பகுதி 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். சுமார் 3 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டும். உங்கள் காருக்கான சரியான எண் ஒர்க்ஷாப் மேனுவலில் இருக்கும், கேட்டால் சொல்வார்கள். புதிதில் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தடிமனில் 80 சதவீதம் போயிருந்தால் மிச்சம் 2 மி.மீ.தான், அதோடு மலைக்குப் போகவே கூடாது, இன்றே மாற்ற வேண்டும். ஆனால் தேயவிடக்கூடிய 7 மி.மீ.யில் 80 சதவீதம் போயிருந்தால் மிச்சம் 4.4 மி.மீ. இதுவரை தேய்ந்த அதே வேகத்தில் போனாலும் இன்னும் நாலாயிரம் கி.மீ.க்கு மேல் ஓடும். ஒரே சொல், இரண்டு வேறு முடிவு. ஆகவே மி.மீ. கணக்கில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு சக்கரத்துக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என முன்னால் மொத்தம் நான்கு பேட். நான்குக்கும் தனித்தனி எண் வேண்டும், அது ஒர்க்ஷாப்பின் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் எழுதப்பட வேண்டும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து நீங்களும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கு எண்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பிரேக் அமைப்பு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. பாதையும் ஓட்டிய விதமும்தான் தேய்த்திருக்கின்றன. உள் பேட் 2 மி.மீ., வெளிப் பேட் 6 மி.மீ. என்று பெரிய வித்தியாசம் இருந்தால் கதை வேறு. பேடுகளைத் தாங்கி டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்விதான் காலிபர். பெரும்பாலான கார்களில் அதற்குள் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும்தான் உண்டு. பிரேக்கை அழுத்தும்போது அந்தப் பிஸ்டன் உள் பேடை நேராகத் தள்ளும். அதே விசையில் காலிபர் மொத்தமும் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப் பேடை இழுத்துப் பிடிக்கும். அந்தப் பின்கள் கிரீஸ் காய்ந்தோ துருப்பிடித்தோ இறுகிவிட்டால் காலிபர் நகராது, ஒரு பேட் மட்டும் மொத்தச் சுமையையும் தாங்கித் தேயும். பிஸ்டனே சரியாகப் பின்வாங்காவிட்டால், காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலும், ஒரு பேட் ஆப்பு போலச் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமதளச் சாலையில் கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், டிஸ்க்கைத் தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அது உரசுகிறது. ஒரு ரிம்மில் மட்டும் கறுப்புத் தூள் அதிகமாகப் படிவதும் அதே அறிகுறிதான்.

இந்த வித்தியாசம் பணத்திலும் தெரியும். பேட் தேய்மானப் பொருள். கிளட்ச், வைப்பர் பிளேடு போல வாரன்டியில் சேராது. ஒர்க்ஷாப்பில் சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் காலிபர் தேய்மானப் பொருள் இல்லை. காலிபரின் குறையால் பேட் தேய்ந்தது என்றால், காலிபரையும் அதனால் கெட்ட பேடையும் வாரன்டியில் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

நான்கும் சமமாகத் தேய்ந்திருந்தால், குன்னூரைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றே தாண்டிய உயரத்தில் இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இறக்கத்தை 1,400 மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம், ஆட்களோடு காரின் எடை 1,400 கிலோ என்றும் கொள்வோம். ஒரு முறை கீழே இறங்குவதற்குள் அந்தக் கார் இழக்க வேண்டிய ஆற்றல், அதே காரை 80 கி.மீ. வேகத்திலிருந்து ஐம்பது தடவைக்கு மேல் முழுதாக நிறுத்துவதற்குச் சமம். டயரின் உராய்வும் காற்றும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் என்ஜின் தலையிலோ பிரேக் தலையிலோதான் விழும். வேறு வழியே இல்லை. அவிநாசி ரோட்டில் நாள் முழுக்க ஓட்டினாலும் பேடுக்கு இந்த அடி விழாது.

பழைய மேனுவல் காரில் நீங்கள் இரண்டாம் கியரில் இறங்கியிருப்பீர்கள். மலைப்பாதை போர்டுகளும் அதைத்தான் சொல்கின்றன. அதனால் என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டது, பேட் 45,000 கி.மீ. தாண்டியது. ஆட்டோமேட்டிக்கில் "டி" (டிரைவ்) நிலையில் போட்டுவிட்டு இறங்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பல கியர்பாக்ஸ்கள் எரிபொருளை மிச்சப்படுத்த மேல் கியருக்குப் போய்விடும். என்ஜின் பிடிமானம் ஏறக்குறைய இல்லாமல் போய், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் கால் பிரேக்குக்குப் போகும். இரண்டு வளைவுக்கு நடுவிலும் கால் அங்கேயே லேசாக உட்கார்ந்திருக்கும். பேடைத் தின்பது இந்தக் "லேசாக"த்தான். ஆட்டோமேட்டிக்குக்கு மாறிய பலருக்கு இதை யாரும் டெலிவரி நாளில் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். டச் ஸ்கிரீனை விளக்க ஒதுக்கும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

எப்படி இறங்குவது? ஏஎம்டி, டிசிடி, டார்க் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாம் கியரில் வையுங்கள். செங்குத்தான இடத்தில் ஒன்று. ஸ்டீயரிங்கில் கியர் மாற்றும் சிறு நெம்புகோல்கள் (பேடில் ஷிஃப்டர்) இருந்தால் அவற்றைப் பயன்படுத்த வேண்டிய இடம் இதுதான். சிவிடி வகை கியர்பாக்ஸ் என்றால் "எல்" அல்லது "எஸ்" நிலை. என்ஜின் 3,000, 3,500 ஆர்பிஎம்மில் உறுமும். பயப்பட வேண்டாம், அதைத் தாங்கத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு அப்படி இறங்கும்போது பெட்ரோலும் செலவாவதில்லை. இன்றைய என்ஜின்கள் இன்ஜெக்டரை மூடிவிடும். வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தமாக ஒரு முறை பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். பேட் ஆறுவதற்கு அந்த இடைவெளி வேண்டும்.

ஒரு பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறக்கத்தில் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு இறங்குவது பேடுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அது வேலை செய்வதே பிரேக்கின் மூலம்தான். ஏபிஎஸ் பம்ப்பை வைத்து சக்கரங்களை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. சறுக்கும் மண் பாதையில் மெதுவாக இறங்க அது அருமையான வசதி. குன்னூர் சாலை முழுவதும் அதை நம்பி இறங்கினால் உங்கள் காலுக்குப் பதில் கணினி பேடைத் தேய்க்கும், அவ்வளவுதான். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலும், நெரிசலான சாலையில் நாம் நினைப்பதைவிட அதிகமாகப் பிரேக்கைத் தொடும்.

கீழே மேட்டுப்பாளையம் வந்ததும் கார் தூசியாக இருக்கிறதே என்று உடனே வாட்டர் வாஷுக்கு விடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணலாகும் அபாயம் உண்டு. அப்புறம் பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டீயரிங் நடுங்கும்.

சரி, டிஸ்க். இங்கேதான் எஸ்டிமேட்டோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. லேசான கோடுகள் எல்லா டிஸ்க்கிலும் விழும். மலைப்பாதையின் மணலும் தூசியும் இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். அது மட்டுமே மாற்றக் காரணமாகாது. டிஸ்க்கை மாற்றுவதா என்று முடிவு செய்வது அதன் தடிமன். குறைந்தபட்சத் தடிமனைப் பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருப்பார்கள். புதிதில் 22 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 20 மி.மீ. என்பது போல. மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பேட் முழுதாகத் தேய்ந்து அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை அரைத்திருந்தால் ஒழிய, 20,000 கி.மீ.க்குள் அந்த எல்லையைத் தொடுவது அபூர்வம். அப்படி அரைத்திருந்தால் கரகரவென்று சத்தம் உங்கள் காதுக்கே எட்டியிருக்கும். பல பேடுகளில் தேய்மானம் எல்லைக்கு வந்ததும் "கீச்" என்று கத்தும் ஒரு சிறு தகடு உண்டு. அந்தச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்றால் டிஸ்க் தப்பித்திருக்கவே வாய்ப்பு அதிகம். விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்து, தடிமனும் மிச்சம் இருந்தால், லேத்தில் சீவிக்கொள்ளலாம்.

இப்போது பில். நீங்கள் அனுப்பியதில் ஆயிலும் ஃபில்டர்களும் ரூ. 4,250, சர்வீஸ் லேபர் ரூ. 1,600, அலைன்மென்ட், பேலன்சிங் ரூ. 1,000. பேட் ரூ. 3,600, டிஸ்க் இரண்டு ரூ. 6,400, பிரேக் லேபர் ரூ. 1,200. ஏசி கிளீனிங் ரூ. 1,300, த்ராட்டில் பாடி கிளீனிங் ரூ. 600, பாலிஷ், கோட்டிங் ரூ. 1,400. கடைசி மூன்றும், மொத்தம் ரூ. 3,300, ஒன்றரை வருடக் காருக்குத் தேவையில்லை. ஓனர்ஸ் மேனுவலில் அட்டவணை இருக்கிறது. அதில் இல்லாததைத் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள், வாரன்டிக்கு ஒன்றும் ஆகாது. சர்வீஸ் லேபரைப் பொறுத்தவரை இலவச சர்வீஸ் கூப்பனைத் தேடிப் பாருங்கள். சில நிறுவனங்களில் 20,000 கி.மீ. சர்வீஸுக்கும் லேபர் இலவசம். டிஸ்க்கும் வேண்டாம் என்று அளவு சொன்னால் ரூ. 11,650இல் முடியும், கூப்பனும் இருந்தால் ரூ. 10,050.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பழைய வரியோடு ரூ. 3,600 ஆக இருந்த பேட் செட், அடிப்படை விலை மாறாவிட்டால், இப்போது ரூ. 3,320ஐ ஒட்டித்தான் வர வேண்டும். பெட்டியின் மேல் இருக்கும் எம்ஆர்பியைக் கேட்டுப் பாருங்கள், பழைய பேடுகளையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

காலிபர் குறைதான் என்று அளவுகள் காட்டியும் ஒர்க்ஷாப் மறுத்தால், வாய்ச்சண்டை வேண்டாம். ஜாப் கார்டில் புகாரை எழுத வைத்து, போட்டோக்களோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்ச ரூபாய் வரையான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது.

வெளி ஒர்க்ஷாப்பில் செய்தால் வாரன்டி போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2014இல் 14 கார் நிறுவனங்களுக்கு எதிரான உத்தரவில் இந்தியப் போட்டி ஆணையம், வெளியில் செய்தாலே வாரன்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக்கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் வாரன்டி முடியும்வரை பிரேக் வேலையை அங்கீகரிக்கப்பட்ட இடத்திலேயே செய்வேன். காலிபர் தகராறு ஒன்று வரக்கூடிய நிலையில், அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைக்க வேண்டாம்.

புதுப் பேட் போட்டால் பின்களைச் சுத்தம் செய்து புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். மலை ஓட்டம் உள்ள காருக்கு வருடம் ஒரு முறை இது நல்லது. முதல் 200, 300 கி.மீ. ஊருக்குள்ளேயே நிதானமாக ஓட்டுங்கள், பேட் டிஸ்க்கோடு பொருந்திய பிறகு குன்னூர் போகலாம். பிரேக் ஆயிலை இப்போது மாற்றத் தேவையில்லை. ஆனால் இரண்டு வருடம் ஆனதும் தள்ளிப்போடாதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகைப் பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும். எப்போதாவது அப்படி உணர்ந்தால் பெடலை வேகமாகப் பலமுறை அழுத்தி, கியரைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, சக்கரம் முழுதாக ஆறும்வரை காரை எடுக்காதீர்கள்.