புதிய ஓவன் வாங்கும் முன்: குளிர்கால பேக்கிங் பற்றிய கேள்விகள்

குளிர் இறங்கி விடுமுறையும் நெருங்கிவிட்டால், இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஓவனையும் மாவையும் பற்றியவையாகவே இருக்கும். இம்முறை வந்தவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக ஒரே ஓவனைத்தான் வைத்திருக்கிறேன். கேக் மேலே கறுத்துவிடுகிறது. குச்சியால் குத்திப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு ஒட்டுகிறது. விடுமுறைக்குப் பிள்ளைகள் வருவதற்குள் புதியது வாங்கிவிட நினைக்கிறேன். எத்தனை லிட்டரில் வாங்குவது?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் சூடு கூடிப்போவதால் வருவது. மேற்புறம் வெந்து நிறம் ஏறிவிடுகிறது. அந்த வேகத்துக்கு நடுப்பகுதிவரை வெப்பம் போய்ச் சேருவதில்லை. இதற்கு முதலில் வாங்கவேண்டியது, ஓவனுக்குள்ளேயே நிறுத்தி வைக்கக்கூடிய ஒரு வெப்பமானி. ஓவன் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

என் ஓவனும் இப்படித்தான் பல குளிர்காலங்கள் என்னை வருத்தியது. குமிழை 180-இல் வைத்துவிட்டு, பிழை என் கைப்பக்குவத்தில்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வெப்பமானியை வாங்கி நடுத்தட்டில் நிறுத்திய அன்று கண்ணாடி வழியே பார்த்தால், முள் 205-ஐத் தொட்டு நிற்கிறது! குமிழை 155-க்குக் குறைத்தேன். அதே மாவு, அதே டின். கேக் தேன் நிறத்தில் வந்தது, குச்சியில் துளி ஒட்டவில்லை.

சோதிக்கும் முறை எளிது. குமிழை 180-இல் வைத்து, சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணைந்த பிறகும் 20 நிமிடம் சூடேற விடுங்கள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, நான்கு முறை குறித்துக்கொள்ளுங்கள். ஓவனின் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. நான்கின் சராசரிதான் கணக்கு. எப்போதும் ஒரே அளவு கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால் குமிழை அதற்கேற்பத் திருப்பிக்கொண்டால் போதும், ஓவனை மாற்ற வேண்டாம். முள் நிலையில்லாமல் தாவினால், அல்லது கதவின் ரப்பர் விளிம்பு தளர்ந்து சூடு வெளியே வந்தால், முதலில் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

அப்படியும் புதியதுதான் என்று முடிவானால், லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். உங்களிடம் உள்ள பெரிய டின்னையும் ஓர் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டின்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் காற்று சுழலாது. சிறிய ஓவன்களில் மேல்கம்பி மிக அருகில் இருப்பதால் உயரமாக எழும் கேக்கின் தலை கருகும். விசிறி உள்ள ஓவன் என்றால், சாதாரண ஓவனுக்கு எழுதிய செய்முறையில் சுமார் 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் புது ஓவனைக் குறை சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதிக மின்சாரம் இழுக்கும் கருவி என்பதால் நீட்டிப்பு வயரில் செருகாதீர்கள். சுவரில் அதற்குரிய பிளக் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். தள்ளுபடியில் வாங்கிய ஓவனைப் பெட்டியோடு மூலையில் வைத்துவிட்டு, விடுமுறை அன்று பிரிப்பவர்கள் பலர். திருப்பிக் கொடுக்கும் கெடு, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும். வந்த அன்றே பிரித்து, ஜன்னலைத் திறந்து வைத்து, வெறும் ஓவனை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். முதல் தடவை லேசான புகையும் நெடியும் வருவது இயல்பு. உத்தரவாதச் சீட்டில் கடைக்காரரிடம் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோடையில் அருமையாக உப்பும் ரொட்டி மாவு, குளிர் வந்ததும் கல்லாகக் கிடக்கிறது. விலை கூடிய ஈஸ்ட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஈஸ்ட் உயிருள்ள பொருள். அது உயிரோடு இருக்கிறதா, அதற்கு வேண்டிய வெதுவெதுப்பு கிடைக்கிறதா என்ற இரண்டையும்தான் பார்க்கவேண்டும்.

அரை டம்ளர் இளஞ்சூடான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்து, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டைத் தூவி வையுங்கள். தண்ணீர் 40 டிகிரி அளவில் இருக்கட்டும். மணிக்கட்டில் விட்டால் சுடாமல் இதமாக இருக்கவேண்டும். முதலில் பழுப்பு மணிகள் கரைந்து கீழே இறங்கும். பிறகு அங்கங்கே சின்னக் குமிழ்கள் கிளம்பும். பத்து நிமிடத்தில் மேலே பஞ்சு போல நுரை கட்டி, புளித்த மாவின் மணம் வந்தால் ஈஸ்ட் நன்றாக இருக்கிறது. வெறும் கலங்கல் தண்ணீராகவே நின்றால் குப்பையில் போடுங்கள். குளிர்கிறதே என்று கொதிக்கும் நீரை ஊற்றிவிடாதீர்கள். 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும்.

ஈஸ்ட் நன்றாக இருந்தும் மாவு உப்பவில்லை என்றால் குளிர்தான் காரணம். ஓவனை அணைத்தபடியே வைத்து, உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, மூடிய பாத்திரத்தை உள்ளே வையுங்கள். கூடவே ஒரு கிண்ணம் வெந்நீரும் வைக்கலாம். அவசரமில்லை என்றால் குளிரைப் பகையாக நினைக்கவே வேண்டாம். மாவை மூடி இரவு முழுக்க ஃப்ரிட்ஜிலேயே விட்டால் மெதுவாக உப்பி, சுவையும் மணமும் கூடும். எனக்குப் பிடித்தது இந்த முறைதான்.

ஈஸ்ட் வாங்கும்போது சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள். பெரிய டின் கணக்குக்கு மலிவுதான். ஆனால் மாதம் இரண்டு ரொட்டி சுடும் வீட்டில் டின்னின் பாதி வீணாகும். பிரித்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கவேண்டும்.

கேள்வி: பாக்கெட்டின் மேல் வெண்ணெய் படம் பெரிதாக இருந்தது. அதில் செய்த பிஸ்கட் தட்டு முழுக்க உருகிப் பரவிவிட்டது. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: படத்தைக் காட்டி வேறொன்றை விற்றிருக்கிறார்கள், கோபம் வருவது நியாயமே. பாக்கெட்டின் பின்புறம் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வெண்ணெய் என்று விற்க, பெரும்பாலான நாடுகளின் விதிப்படி குறைந்தது 80 சதவீதம் பால்கொழுப்பு இருக்கவேண்டும். ரொட்டியில் தடவுவதற்கென்று விற்கும் பொருள்களில் 60, சிலவற்றில் 40 சதவீதம்தான் இருக்கும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். காலை உணவுக்கு அது சரி, பிஸ்கட்டுக்கு உதவாது. உப்பிட்ட வெண்ணெயா, உப்பில்லாததா என்றும் பாருங்கள். உப்பிட்டது என்றால் செய்முறையில் சொல்லும் உப்பைக் குறையுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். குளிரில் வெண்ணெய் இளகாததைக் கண்டு அடுப்பில் காட்டி உருக்கினீர்களா? உருகிய வெண்ணெயும் இளகிய வெண்ணெயும் ஒன்றல்ல. சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைப்பது இளகியதுதான். சிறு துண்டுகளாக நறுக்கித் தட்டில் பரப்பி, வெந்நீர் பாத்திரத்தின் அருகே வையுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், விரல் வழுக்கிக்கொண்டு போகக்கூடாது. அதுதான் பதம்.

கேள்வி: செய்முறையில் 23 சென்டிமீட்டர் வட்ட டின் கேட்கிறார்கள். என்னிடம் 20 சென்டிமீட்டர் சதுர டின்தான் இருக்கிறது. புதிதாக வாங்கவேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் டின்னின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். அவர்கள் கேட்பது சுமார் 415. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் 20 சென்டிமீட்டர் வட்ட டின் என்றால் 314தான். அதற்கு முக்கால் பங்கு மாவு போதும்.

மிச்சமாகும் பணத்தில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். ஒரு கப் மாவைத் தளர்வாக நிரப்பினால் 120 கிராம். டப்பாவில் முக்கி அள்ளினால் 150 வரை போகும். கேக் வறண்டுபோவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் இல்லை.

கேள்வி: சாக்லேட், கோகோ, வனிலா மூன்றுமே விலை ஏறிக்கிடக்கின்றன. எதில் சிக்கனம் பிடிக்கலாம்?

பதில்: வனிலாவில் பிடிக்கலாம். வனிலா ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். அதன் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் எளிய வழியை 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்தான். இன்றும் ஒவ்வொரு பூவையும் கையால்தான் தொடவேண்டியிருக்கிறது; காயைப் பதப்படுத்தப் பல மாதங்கள் ஆகும். அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஓவன் சூட்டில் வேகும் கேக்கிலும் பிஸ்கட்டிலும் சாதாரண எசென்ஸே போதும் என்பது என் அனுபவம். ஓவனுக்குள் போகாத கிரீமுக்கும் கஸ்டர்டுக்கும் அசல் வனிலாவை வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்லேட்டில் சிக்கனம் வேண்டாம். உட்பொருள் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் வரும். அதில் கோகோ வெண்ணெய் இல்லாமல் தாவர எண்ணெய் இருந்தால் அது காம்பவுண்ட் சாக்லேட். அலங்காரத்துக்கு எளிது, ஆனால் கோகோ வெண்ணெய் போல 34 டிகிரி அளவில் நாக்கில் கரையாது, மெழுகு போலப் படியும். கோகோ தூளில் விலையைவிட வகை முக்கியம். காரம் (மிளகாய்க் காரமல்ல, புளிப்பை முறிக்கும் ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது கறுப்பாக, மென்மையாக இருக்கும். அதில் இயற்கையான புளிப்பு போய்விடும். செய்முறையில் சமையல் சோடா மட்டும் இருந்து வேறு புளிப்பு எதுவும் இல்லையென்றால், காரம் சேர்க்காத கோகோவையே வாங்குங்கள். இல்லாவிட்டால் கேக் எழாது.

கேள்வி: சென்ற ஆண்டு சலுகையில் மூட்டையாக வாங்கியவை அலமாரியில் கிடக்கின்றன. பயன்படுத்தலாமா?

பதில்: சர்க்கரையும் உப்பும் ஈரம் படாமல் இருந்தால் கெடாது. மைதா காற்றுப் புகாமல் இருந்தால் ஓராண்டு தாங்கும். முழுக் கோதுமை மாவில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சில மாதங்களிலேயே சிக்கு வாடை வரும். பேக்கிங் பவுடரை அரைத் தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போடுங்கள். பொங்கிச் சீறவில்லை என்றால் மாற்றுங்கள். சோடாவுக்கு அதே சோதனையை வினிகர் விட்டுச் செய்யவேண்டும்.

பருப்பு வகைகளைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். முந்திரியோ வாதுமையோ, ஒன்றை உடைத்து முகர்ந்து, மென்று பாருங்கள். பழைய எண்ணெய் வாடையோ கசப்போ தெரிந்தால் முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள்; ஒரு பிடி பருப்பு ஒரு கேக்கையே கெடுத்துவிடும். இனிமேல் வாங்குவதை ஃப்ரீசரில் வையுங்கள். டப்பாவின் மேல் பிரித்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட தேதி, பிரிக்காத பாக்கெட்டுக்குத்தான் பொருந்தும்.