கருப்பாகப் போனதை ஏன் கடைசியில் எழுதினீர்கள்?

வயிற்று இரைச்சல், ஏப்பம், சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்குப் போவது, மலத்தில் தக்காளித் தோல் என்று இரண்டு பக்கம் எழுதி, "குடல் புற்றுநோயாக இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். முழங்கால் வலிக்கு மூன்று மாதமாக மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போடுவதும், போன வாரம் இரண்டு நாள் மலம் கருப்பாகப் போனதும் கடைசியில்தான் வருகின்றன. எனக்குக் கவலை அதில்தான்.

தார் போலக் கருத்து, பிசுபிசுவென ஒட்டி, வழக்கத்துக்கு மாறான கடும் நாற்றத்துடன் போயிருந்தால், இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிந்திருக்கலாம். அங்கே கசியும் ரத்தம் குடல் வழியே நெடுந்தூரம் வரும்போது செரிமானமாகி, சிவப்பு போய்க் கருப்பாகிவிடும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும், ஆனால் அந்த ஒட்டலும் நாற்றமும் இருக்காது. எதனால் கருத்தது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்டாதீர்கள். இன்றே மருத்துவரைப் பாருங்கள். எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ, படபடத்து வியர்த்தாலோ, ரத்தமாகவோ காபித்தூள் நிறத்திலோ வாந்தி வந்தாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் இறைச்சியையே கரைக்கக் கூடியது. இரைப்பைச் சுவரை அது அரிக்காமல் இருப்பதற்கு உள்ளே படிந்திருக்கும் சளிப்படலம் முக்கியக் காரணம். அந்தப் படலத்தைப் பராமரிக்க உடல் சுரக்கும் பொருளைத்தான் வலி மாத்திரை தடுக்கிறது. "சாப்பிட்ட பிறகுதானே போடுகிறேன்" என்கிறீர்கள். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகும் இதே வேலையைச் செய்வதால், சோறு அதற்குத் தடுப்பு ஆகாது. ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான். கூடவே நீங்களாகப் போடும் கேஸ் மாத்திரை எரிச்சலை அடக்கிவிடும், புண் இருப்பதே தெரியாமல் போகலாம்.

டைக்ளோஃபெனாக்கை இப்போதே நிறுத்துங்கள். (இதயத்துக்காக மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரின் என்றால் கதை வேறு, அதைத் தானாக நிறுத்தக் கூடாது.) ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்யச் சொல்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை, சில நிமிட வேலை. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். இரைப்பைப் புண்ணுக்கு அதுவும் ஒரு பெரிய காரணம். இதைக் கண்டறிந்த மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் இந்தக் கிருமி போய்விடும்.

மற்றதெல்லாம் சும்மா. உணவு இரைப்பைக்குள் போனதும் பெருங்குடல் அசைவது இயல்பு. உங்களுக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே இப்படித்தானே? தக்காளித் தோலின் நாரைச் செரிக்க மனிதனுக்கு நொதி கிடையாது, அது அப்படியேதான் வரும். பட்டினி நேரத்தில் குடல் மிச்சம் மீதியைத் தள்ளும் சத்தம்தான் அந்த இரைச்சல். யாரோ வீடியோவில் சொன்னார் என்று குடலைக் கழுவ வாராவாரம் விளக்கெண்ணெய் குடிக்கிறீர்களே, அதை முதலில் விடுங்கள். சிறுகுடலின் உள்படலம் சில நாளுக்கு ஒருமுறை தானே புதிதாகிவிடுகிறது.

புற்றுநோயா? எடை குறையவில்லை, மலம் போகும் வழக்கம் மாறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எண்டோஸ்கோபியில் கசிவுக்குக் காரணம் தெரியாவிட்டால் பெருங்குடலையும் பார்க்கச் சொல்வார்கள், தட்டிக் கழிக்காதீர்கள்.

போகும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளையா, வட்டமா ஒரு மாத்திரை" என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் புரியாது.