ஜப்பானியர் காலச் சிங்கப்பூரில் நடக்கும் துப்பறியும் நாவலில் நாயகி எதிரிக்கு உதவுகிறாள். இதை எப்படி ரசிக்கிறீர்கள்?

கேள்வி ஒவிடியா யூ எழுதிய ‘தி மிமோசா ட்ரீ மிஸ்டரி’யைப் பற்றியது. கேட்டவர் பாதியில் கோபத்தோடு மூடி வைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். விளக்கத்தில் மூன்று குறைகளை அடுக்கியிருக்கிறார்: கதை மெதுவாகப் போகிறது, பாதி வரலாற்றுப் பாடமாக இருக்கிறது, நாயகி சூ லின் ஜப்பானியரோடு கைகோர்க்கிறாள். முதல் இரண்டும் அவரவர் ருசி. மூன்றாவது குறைக்காகத்தான் கண்ணாடியைத் தேடி எடுத்து இதை எழுத உட்கார்ந்தேன்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. ஆண்டு 1943. சிங்கப்பூருக்கு அப்போது பெயர் சியோனான். ஜப்பானியருக்கு ரகசியமாக உடந்தையாக இருந்த மிர்சா என்பவன் தன் வீட்டுக்கு வெளியே அடித்துக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். உடனே அந்தத் தெருக்காரர்களை வளைத்துப் பிடிக்கிறார்கள். கொலையாளி கிடைக்காவிட்டால் பிடிபட்ட அத்தனை பேருக்கும் சாவு. அவர்களில் சூ லின்னின் சித்தப்பாவும் ஒருவர். அவளோ போலியோவால் கால் விந்தி நடப்பவள், முன்பு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் லெ ஃப்ராயிடம் வேலை பார்த்தவள். அவர் இப்போது சாங்கி சிறையில். ஹிடேகி தகாவா என்ற ஜப்பானிய அதிகாரி அவளிடம் பேரம் பேசுகிறான்: நீ உதவு, உன் சித்தப்பா பிழைப்பார். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் பின்னட்டையிலேயே இருக்கிறது. ஆனால் நான் வாங்கிய கடையில் விலைச்சீட்டைச் சரியாக அந்தப் பத்தியின் மேலேயே ஒட்டியிருந்தார்கள். தேங்காய் எண்ணெய் தடவி உரித்தேன். அட்டையின் பளபளப்பும் கூடவே வந்துவிட்டது. அரைநாள் கூலி விலை வைத்து விற்கும் புத்தகத்தில் ஒட்டுவதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை? கேட்டதற்குக் கடைப் பையன் “எல்லாப் புத்தகத்திலும் அங்கேதான் ஒட்டுவோம் ஆன்டி” என்றான். சரி, அதை விடுங்கள்.

வேகம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஆள் பிடித்துப்போன ஊரில் துப்பறிவது மற்ற ஊர்களில் துப்பறிவது போல இராது. கடிகாரமே பொய் சொன்ன காலம் அது. தோக்கியோ நேரத்துக்கு முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். சிங்கப்பூரில் எட்டு மணிக்கு விடிந்தது. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில், நாள்காட்டியில் 1943 என்பது 2603. ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் துப்புத் துலக்கிய லட்சணத்தையும் பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து படகில் வந்த கமாண்டோக்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வெடி வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். கெம்பெய்தாய் சாங்கியில் அடைபட்டிருந்தவர்கள்தான் செய்தார்கள் என்று முடிவு கட்டி, அக்டோபர் 10 அன்று உள்ளே புகுந்தது. பிடித்துக்கொண்டுபோய் வதைத்தவர்கள் 57 பேர். அவர்களில் 15 பேர் இறந்தார்கள். ஒருவருக்கும் அந்தக் கப்பல்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஒரு கொலைக்கு ஒரு தெருவையே பிடிப்பது மிகை என்று உங்களுக்குத் தோன்றினால், மிகை கதையில் இல்லை.

இனி மூன்றாவது குறை.

நான் மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளின் மகள். வரலாறு படித்தவள் அல்ல, முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவள். ஆகவே ஆண்டு தேதியோடு சண்டைக்கு வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். என் தாத்தா அந்தத் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேட்டை எழுதுவது அவர் வேலை. ஜப்பான்காரன் வந்ததும் துரை போய்விட்டார், செக்ரோல் மட்டும் நிற்கவில்லை. 1943 மே மாதம் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்கு நாற்பது ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதம், திரும்ப வந்துவிடலாம் என்று சொன்னார்களாம். பட்டியலை எழுதியது தாத்தா.

பாட்டி இதை என்னிடம் சொன்னது 1987இல், அவர் படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில். அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் லாரி நின்றது. ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். ஒரு பெயரில் தோட்டத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தாத்தாவின் தம்பி. மற்றவர் மாட்டுக் கொட்டகை ஆள், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெயரைப் படித்தபோது இருவருமே நகரவில்லை. ஜப்பான்காரன் தாத்தாவைப் பார்த்தான். தாத்தா கையை நீட்டினார்.

பாட்டி அதோடு நிறுத்திக்கொண்டார். எந்தப் பக்கம் நீட்டினார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை; அந்தச் சின்னத் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். பட்டியலில் எழுதும்போது தாத்தா யாரை நினைத்து அந்தப் பெயரை எழுதினார் என்பதுதான் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கொட்டகை ஆள் திரும்பவில்லை. அவர் மனைவி அடுத்த லயத்தில், அதாவது அடுத்த குடியிருப்பு வரிசையில் இருந்தார். பாட்டி வாரம் ஒருமுறை மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். தாத்தா ஆபீசுக்குப் போக அந்த லயத்தைத் தாண்டித்தான் நேர்வழி. அவர் சுற்றிக்கொண்டு போவார். தோட்டத்தை விட்டு வரும்வரை சுற்றிக்கொண்டுதான் போனார்.

பெயர் என்ன என்று கேட்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் இப்போதும் அந்தப் பெயரில் ஒரு பையன் இருக்கிறான்.

இதில் இன்னொன்றும் உண்டு. தப்பித்த சின்னத் தாத்தா அந்த ஆண்டு இறுதியில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்திருந்தார், அக்டோபரில் கேத்தே கட்டடத்தில் தற்காலிக அரசை அறிவித்தார், தோட்டங்களிலிருந்து ஆட்கள் திரண்டு போனார்கள். சயாமுக்குப் பயந்து போனவர்களும் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில் ராணுவச் சட்டையோடு அவர் படம் மாலை போட்டுத் தொங்குகிறது. பக்கத்தில் தாத்தாவின் படம், அதற்கும் மாலை. 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் எங்கேயோ கிடக்கும் மூன்றாமவருக்குப் படமே கிடையாது.

“அப்படியானால் உன் தாத்தாவும் துரோகிதானே” என்று யாராவது கீழே எழுதுவீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், நானே பலமுறை எழுதிப் பார்த்த வரிதான் அது. தாத்தா செய்தது சரி என்று நான் எங்கும் சொல்லவில்லை. சூ லின் செய்ததும் சரி என்று சொல்லவில்லை. அவளுக்குப் பேரம் பேசவாவது ஓர் ஆள் கிடைத்தான், யோசிக்கக் கொஞ்ச நேரமாவது கிடைத்தது. பெரட்டுக் களத்தில் தாத்தாவுக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? அவள் ஒத்துக்கொண்ட இடத்தில் நீங்கள் புத்தகத்தை மூடினீர்கள். நான் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது, ஆங்கிலம் படிக்க வராது. அதனால் ஒவ்வொரு நாளும் படித்ததை மாலையில் தேநீரோடு அவருக்குக் கதையாகச் சொன்னேன். மிர்சா செத்தது, தெருக்காரர்களைப் பிடித்தது, தகாவா பேரம் பேசியது எல்லாம் சொன்னேன். அம்மா பிஸ்கட்டை நனைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“அந்தப் பெண்ணுடைய சித்தப்பாவை விட்டுவிடுவான், சரி. பக்கத்து வீட்டுக்காரனை என்ன செய்வான்?”

அந்த இடம் வரை நான் அன்றைக்குப் படித்திருக்கவில்லை.