கருப்பை எடுத்த பிறகு சிறுநீர் கசிந்துகொண்டே இருந்தால் அது வெறும் பலவீனமா?

அறுவை முடிந்து 10 நாளான அம்மாவுக்கு இரவும் பகலும் கசிகிறது, பாத்ரூம் போனால் வழக்கம்போல யூரினும் போகிறது, மருத்துவமனையில் “தசை பலவீனம், போகப்போகச் சரியாகிவிடும்” என்கிறார்கள், காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருக்காதீர்கள். நாளைக்கே ஒரு யூராலஜி (சிறுநீர்ப்பாதை) டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, வயிறு உப்புசம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே கிளம்புங்கள்.

தசை பலவீனத்தால் வரும் கசிவு இருமினால், தும்மினால், எதையாவது தூக்கினால் வரும். அசையாமல் படுத்திருக்கும்போது பாய் நனையாது. நிற்காமல் கசிந்தபடியே இருந்து, பாத்ரூமும் ஒழுங்காகப் போகிறதென்றால், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு யூரினைக் கொண்டுபோகும் யூரிட்டர் என்கிற சிறுநீர்க்குழாயில் காயம் இருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒரு பக்கக் குழாய் வழியாகப் பிறப்புறுப்பில் கசியும், மறுபக்கச் சிறுநீரகம் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டிருக்கும். சிறுநீர்ப்பையில் சின்ன ஓட்டை இருந்தாலும் இப்படி ஆகலாம்.

என் அக்காவுக்கு இதுதான் நடந்தது. ஃபைப்ராய்டு கட்டிக்காகக் கருப்பையை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் இருந்தாள், இரண்டாவது வாரம் கசிய ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்த இடத்தில் வெள்ளைப்படுதல் என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். நாப்கின் மாற்றி மாற்றி அவள் தொடையெல்லாம் புண். வாடை வரும் என்று சொந்தக்காரர்கள் வந்தால் அறையை விட்டே வெளியே வரமாட்டாள்.

யூராலஜி டாக்டர் செய்த சோதனை ரொம்ப எளிமையானது. கதீட்டர் என்கிற மெல்லிய டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் நீல மருந்து கலந்த தண்ணீரை ஏற்றினார். பிறப்புறுப்புக்குள் மூன்று பஞ்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வராந்தாவில் கொஞ்ச நேரம் நடக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் மேல் பஞ்சு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, ஆனால் துளி நீலம் இல்லை. “பையில ஓட்டைன்னா நீலமா வந்திருக்கும்மா. இது மேல இருந்து வருது” என்றார். மருந்து ஏற்றி எடுத்த சிடி ஸ்கேனில் இடது குழாயின் கீழ்முனை என்று உறுதியானது.

ஏன் உடனே தெரியவில்லை என்று நாங்களும் கேட்டோம். கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்கு அடியில்தான் யூரிட்டர் ஓடுகிறது, கருப்பை வாயிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி. பாலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர் என்று மருத்துவ மாணவர்களுக்கே சொல்லிக் கொடுப்பார்கள். அந்தத் தமனியைக் கட்டும்போதோ கரண்ட் வைத்துச் சுடும்போதோ குழாயில் சூடு பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சுடுபட்ட சதை மெல்ல அழுகி, பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் உதிரும், அப்போதுதான் கசியும். சில சமயம் தையலில் குழாயே மாட்டிக்கொள்ளும். அப்போது கசிவே இருக்காது, சிறுநீரகம் மட்டும் சத்தமில்லாமல் வீங்கும். அதனால் வயிற்று ஸ்கேனும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் கண்டிப்பாகப் பாருங்கள். ஒரு பக்கச் சிறுநீரகம் நன்றாக இருந்தால் கிரியாட்டினின் சரியாகவே வரும், அதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

இப்படிக் காயம் படுவது நல்ல சர்ஜன் கையிலும் நடக்கும். பெரிய கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்), முந்தைய சிசேரியனால் ஒட்டிக்கிடக்கும் வயிறு என்றால் ஆபத்து கூடும். ஆனால் ஒரு பெண் “நனையுது டாக்டர்” என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் சோதிக்காமல் அனுப்புவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சிகிச்சை இருக்கிறது. காயம் சின்னதென்றால் சிறுநீர்க்குழாய்க்குள் டிஜே ஸ்டென்ட் என்கிற மெல்லிய டியூபை வைத்தாலே ஆறலாம். அக்காவுக்கு ஸ்டென்ட்டை ஏற்ற முடியவில்லை, முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்கு டியூப் போட்டார்கள். பிறகு குழாயை வெட்டிச் சிறுநீர்ப்பையில் வேறு இடத்தில் பொருத்தினார்கள். இப்போது கசிவு துளியும் இல்லை. பையில் ஓட்டையென்றால், சின்னதாக இருந்தால் சில வாரம் கதீட்டரிலேயே மூடலாம், இல்லாவிட்டால் தைக்க வேண்டும்.

கசிவுக்குப் பயந்து அம்மா தண்ணீரைக் குறைத்தால் விடாதீர்கள், தொற்றுதான் வரும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் நோட்ஸையும் கேட்டு வாங்கிப் போங்கள். ஸ்டென்ட் வைத்தால் எடுக்கும் தேதியை எழுதி வாங்கி, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது குறித்துக்கொள்ளுங்கள். மறந்துபோன ஸ்டென்ட்டில் கல் படிந்து, அதை எடுக்கவே தனி ஆபரேஷன் ஆனவர்களை அதே வார்டில் பார்த்தேன்.