நம் கடவுளை இழிவாகப் பேசுகிறவர்களைக் கருத்துச் சுதந்திரம் என்று விட்டுவிட வேண்டுமா, போலீசில் புகார் கொடுக்க வேண்டுமா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்திலேயே தெரிகிறது, யாரோ உங்கள் வாட்ஸ்அப்பில் எதையோ அனுப்பியிருக்கிறார்கள், இரண்டு நாளாக உங்களுக்குச் சரியான தூக்கம் இல்லை. பொறுத்துப் போங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கு அப்படிச் சொன்னவர்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

2020 ஜூலை. பெங்களூரில், பிரேசர் டவுனை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அம்மாவுக்கு அப்போது 84 வயது. விளக்கு வைத்ததும் கந்த சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பிப்பார், புத்தகத்தைப் பார்க்க மாட்டார். தீட்டு நாட்களில் மட்டும் வெளியே கேட்காமல் வாய்க்குள்ளேயே சொல்லி முடிப்பார்.

கோவையில் இருக்கும் அக்கா மகன் அந்தக் காணொளியை அனுப்பினான். உங்களுக்கும் நினைவிருக்கும், தமிழ்நாடே கொதித்தது. உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வேல் காக்கட்டும் என்று வேண்டும் பகுதியை எடுத்துக்கொண்டு, ஒரு யூடியூப் சேனல் ஆபாசமாக விளக்கம் சொல்லியிருந்தது. பாதிக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த அறையில் அம்மா அதே வரிகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடவுளுக்கே நீங்கள் காவலா என்று கேட்கப்போகும் நாத்திக நண்பர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். முருகனைக் காப்பாற்ற நான் கிளம்பவில்லை. எண்பது தாண்டிய ஒருத்தி தன் முழங்காலைக் காக்கச் சொல்லிக் கேட்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்றுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை மூடநம்பிக்கை என்று நீங்கள் எழுதலாம், பேசலாம், மேடை போட்டுக்கூடச் சொல்லலாம். அதற்கு நான் புகார் எழுத மாட்டேன்.

ஆனால் அன்று எழுதினேன். முழுத்தாளில் மூன்று பக்கம், கையால். தட்டச்சு செய்தால் கோபம் குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு. எழுதி முடித்தபோது ஊரடங்கு வந்துவிட்டது. 14ஆம் தேதி இரவிலிருந்து 22ஆம் தேதி காலை வரை பெங்களூரே மூடிக் கிடந்தது. அதனால் காணொளியின் இணைப்போடு நாற்பது பேருக்குச் செய்தி அனுப்பினேன்: புகார் கொடுக்கப் போகிறேன், கையெழுத்துப் போடுகிறவர்கள் சொல்லுங்கள். (அந்த அசிங்கத்துக்கு நாற்பது பார்வையாளர்களை நானே சேர்த்துக் கொடுத்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.) பெரும்பாலானவர்கள் கைகூப்பும் பொம்மையை அனுப்பினார்கள். எங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி மேயோ ஹால் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். தொலைபேசியில் மூன்று பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். இடையில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். பிறகு, "மாமா, 295ஏ எப்படி வந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்தான். மத உணர்வைப் புண்படுத்துகிறவர்களைத் தண்டிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு அது. லாகூரில் நபியை இழிவுபடுத்தி ஒரு சிறுநூல் வந்தது. அதை வெளியிட்டவரைத் தண்டிக்க அன்றைய சட்டத்தில் இடமில்லை என்று 1927இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதே ஆண்டு வெள்ளைக்காரன் இந்தப் பிரிவைச் சேர்த்தான். 1929இல் அந்தப் பதிப்பாளரைக் குத்திக் கொன்றார்கள். சட்டம் வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை என்றான். 1957இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது. ஆனால் மனம் புண்பட்டது என்பது மட்டும் போதாது, வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்தது என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் மூன்றாண்டு வரை சிறை. (2024 ஜூலை முதல் இதுவே பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 299ஆம் பிரிவு. உங்களுக்குத் தேவைப்படலாம்.)

"மற்றதெல்லாம் இருக்கட்டும் மாமா, அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவன் என்ன செய்தான் என்று சொல்வதுதான் புகார். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அதில் எழுதக் கூடாது."

கடைசி வரி இதுதான்: 'உடனடியாகக் கைது செய்யாவிட்டால் ஏற்படும் விளைவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.' நாங்கள் என்றால் யார்? நானும் என் அம்மாவும். அம்மாவுக்கோ விஷயமே தெரியாது. சுவரொட்டிகளில் படித்துப் படித்துக் கை தானாக எழுதியிருக்கிறது. ஆனாலும் நான் அடிக்கவில்லை. அது இல்லாமல் புகார் சப்பென்று இருந்தது.

புண்படுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையை 1991இல் நிறுவினார்கள். எதிர்ப்பு வந்தது, துணியால் மூடினார்கள். திறந்தது 2009 ஆகஸ்ட் 9. பதினெட்டு ஆண்டுகள் ஆலைக்குப் போகும் பஸ்ஸில் அந்த மூட்டையைக் கடந்து போயிருக்கிறேன். சண்டைக்குப் போகாத ஒரு புலவர் யாரைப் புண்படுத்தினார்? அதுவும் சும்மா திறக்கவில்லை. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்த பிறகுதான் கணக்கு நேரானது. பண்டமாற்று! எங்கள் மனம் புண்பட்டதா என்று அந்தப் பதினெட்டு ஆண்டில் எந்த அலுவலகமும் கேட்கவில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரியும். இருக்கட்டும்.

ஊரடங்கு முடிவதற்குள்ளாகவே சென்னையில் கைதுகள் தொடங்கிவிட்டன. எனக்கு நிம்மதியாக இருந்தது, மறைக்கவில்லை. என் தாள் பஞ்சாங்கத்துக்குள் போனது.

அடுத்த மாதம், ஆகஸ்ட் 11 இரவு. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் உறவினர் நபியைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியதாகச் சொல்லி, எங்களுக்கு வடக்கே டி.ஜே. ஹள்ளி போலீஸ் நிலையத்தைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. உடனே வழக்கு, உடனே கைது என்பதுதான் கோரிக்கை. அந்த உறுப்பினரின் வீடு எரிந்தது, போலீஸ் வண்டிகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். அதே இரவில் முஸ்லிம் இளைஞர்கள் கைகோத்து நின்று ஓர் அனுமார் கோயிலைக் காத்த காட்சியையும் மறுநாள் பார்த்தோம். மொட்டை மாடியில் நின்றால் டயர் எரியும் நாற்றம். 1986 டிசம்பர் நினைவுக்கு வந்தது. ஓர் ஆங்கில நாளிதழில் வந்த சிறுகதையின் தலைப்பில் முகம்மது என்று ஒரு பாத்திரத்தின் பெயர் இருந்தது, அவ்வளவுதான். கதை நபியைப் பற்றியதே அல்ல. அதற்கும் இந்த ஊரில் பிணங்கள் விழுந்தன.

கீழே வந்து பஞ்சாங்கத்தைத் திறந்து என் தாளை எடுத்தேன். கடைசி வரியைப் படித்தேன். 'நாங்கள் வண்டி கொளுத்தினோமா, இரண்டும் ஒன்றா?' என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. நாங்கள் கொளுத்தவில்லை. நான் என் கையெழுத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

ஆகவே, புகார் கொடுக்க வேண்டுமென்றால் கொடுங்கள், அது உங்கள் உரிமை. எந்தப் பதிவு, எந்தத் தேதி, என்ன சொற்கள் என்று எழுதுங்கள். யாருக்கும் அனுப்பிப் பரப்பாதீர்கள். அவன் சொன்னது தவறு என்றால் எங்கே தவறு என்று பதில் எழுதுங்கள், அதற்குத்தான் உங்களுக்கும் பேச்சுரிமை இருக்கிறது. எழுதியதை ஒரு வாரம் வைத்திருந்து கொடுங்கள். எனக்கு அந்த ஒரு வாரத்தை ஊரடங்குதான் கொடுத்தது, என் விவேகம் அல்ல. விளைவுகளுக்குப் பொறுப்பல்ல என்று மட்டும் எழுதாதீர்கள்.

அந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஆம்பூர்க்காரர், என்னோடு ஆலையில் 22 ஆண்டு வேலை பார்த்தவர். முஸ்லிம். டி.ஜே. ஹள்ளி பக்கம், டேனரி சாலைக்குப் பின்னால் வீடு. ஆகஸ்ட் 12 காலை அவரை அழைத்தேன். பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்களா என்று கேட்டேன். இருக்கிறார்கள் என்றார். பால் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைக்கவில்லை என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே கேட்டார்:

"அண்ணே, போன மாதம் முருகன் விஷயமாகக் கையெழுத்துப் போட எங்கே வரட்டும் என்று கேட்டிருந்தேனே. பதிலே வரவில்லையே?"

அந்தச் செய்தியை நான் அன்றே பார்த்திருந்தேன். புகாரில் அவர் பெயர் இருந்தால் நம்மவர்கள் என்ன சொல்வார்கள், இவருக்கு இதில் என்ன அக்கறை என்றெல்லாம் யோசித்துவிட்டு அப்படியே மூடி வைத்திருந்தேன்.

"ஊரடங்கு போட்டுவிட்டார்களே தம்பி" என்றேன்.

"ஆமாம் அண்ணே, ஊரடங்கு" என்றார் அவரும்.