அணி ஜெயித்த பிறகும் ப்ளே காலிங்கைத் திட்டுகிறார்களே, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களுக்கு அப்படி என்னதான் கோபம்?

தோற்றால் திட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. ஜெயித்த அன்றைக்கும் உட்கார்ந்து திட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் அயோவா சிட்டிக்கு வாருங்கள். நான் இங்கே படிக்க வந்து, வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்டவன். அயோவா மாநிலத்துக்கென்று ஒரு என்.எஃப்.எல். (தொழில்முறை ஃபுட்பால் லீக்) அணி கிடையாது. அயோவா பல்கலைக்கழகத்தின் ஹாக்கைஸ் அணிதான் எல்லாம். சனிக்கிழமை ஆனால் கின்னிக் மைதானத்தில் எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கூட்டம். முதல் கால்பகுதி முடிந்ததும் அத்தனை பேரும் எழுந்து, மைதானத்தை ஒட்டி நிற்கும் குழந்தைகள் மருத்துவமனையைப் பார்த்துக் கையசைப்பார்கள். ஜன்னலிலிருந்து குழந்தைகளும் கையசைப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே டிக்கெட் வாங்கலாம். அதற்குப் பிறகு இன்னும் மூன்று கால்பகுதி பாக்கி இருக்கிறதே, அங்கேதான் சிக்கல்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. மூன்றில் முடியவில்லை என்றால் நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணியைத் தூரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பன்ட் என்று பெயர். ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் ஓடுவதா, எறிவதா, யாருக்கு, எந்தப் பக்கம் என்று முடிவு செய்து சொல்வதுதான் ப்ளே காலிங். சொல்பவர் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர், அதாவது பந்து கையில் இருக்கும்போது ஆடும் அஃபென்ஸுக்குப் பொறுப்பான பயிற்சியாளர். எதிரணியைத் தடுப்பவர்கள் டிஃபென்ஸ். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் என்ன ஷாட் ஆடவேண்டும் என்று கோச் சொல்லி அனுப்பினால் எப்படி இருக்கும்? அந்த கோச்சை நம் ஆட்கள் என்ன பாடு படுத்துவார்கள் என்று நினைத்துப் பாருங்கள், பாதி பதில் கிடைத்துவிடும்.

அயோவாவில் 2017 முதல் 2023 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் பிரையன் ஃபெரென்ட்ஸ். தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரென்ட்ஸ், 1999-லிருந்து அதே நாற்காலி. பிரையன் அவருடைய மகன். சொந்தக்காரரை நேரடியாக மேற்பார்வை செய்யக்கூடாது என்ற விதி இருப்பதால், காகிதத்தில் மகன் அப்பாவுக்குக் கீழே இல்லை, விளையாட்டுத் துறை இயக்குநருக்குக் கீழே. டீம் என்னவோ அப்பாவுடையதுதான்.

2022 சீசனின் முதல் ஆட்டம், சவுத் டகோட்டா ஸ்டேட் அணியோடு. அயோவா 7-3 என்று ஜெயித்தது. ஏழு என்றதும் பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி ஒரு டச்டவுன் (6 புள்ளி, கூடுதல் உதைக்கு 1) போட்டார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஒரு ஃபீல்டு கோலுக்கு 3, எதிரணியை அவர்கள் எல்லைக்குள்ளேயே டிஃபென்ஸ் பிடித்துக் கொடுத்த இரண்டு சேஃப்டிக்கு 2 + 2. அஃபென்ஸின் பங்கு மூன்றே புள்ளி. அந்த சீசன் முடியும்போது ஆட்டத்துக்கு 251.6 யார்டு சராசரி. 131 அணிகளில் 130-வது இடம். அதே வருடம் டிஃபென்ஸ் நாட்டிலேயே தலைசிறந்த வரிசையில். டிஃபென்ஸில் லைன்பேக்கராக ஆடிய ஜாக் கேம்பலுக்கு, நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது. ஒரே ஜெர்சியில் இரண்டு வேறு டீம் ஆடியது போலத்தான் இருந்தது.

அடுத்து வந்ததுதான் நாடே சிரித்த ஒப்பந்தம். 2023 பிப்ரவரியில் பிரையனின் சம்பளத்தை 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைத்து, குறைந்தது ஏழு வெற்றி, ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி என்று நிபந்தனை எழுதினார்கள். டிஃபென்ஸ் போடும் டச்டவுனும் அந்தக் கணக்கில் சேரும்! 13 ஆட்டத்துக்கு 325 புள்ளி. அந்த சீசன் முழுக்க ரசிகர்கள் ஸ்கோர்போர்டைப் பார்த்ததைவிட '325-க்கு இன்னும் எத்தனை' என்று கணக்குப் போட்டதுதான் அதிகம். டிவிக்காரர்களும் விடவில்லை.

ப்ளே காலிங் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, மைதானத்தில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். என் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் வருவார், ஓய்வுபெற்ற விவசாயி. அணி வரிசையாக வந்து நின்றதும், பந்து அசைவதற்கு முன்பே, 'ரன், வலப்பக்கம்' என்பார். வலப்பக்கம்தான் ஓடுவார்கள். இரண்டு டைட் எண்டும் (முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்கள்) ஒரே பக்கம், பின்னால் ஓடுபவருக்கு வழி திறந்துவிடும் ஃபுல்பேக், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் அவருக்குப் பந்தைக் கொடுக்கும் சென்டரை ஒட்டி நின்றால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். மேலே பெஞ்சில் பாப்கார்னோடு உட்கார்ந்திருப்பவருக்கே தெரிந்தால், அதைத் தடுக்கச் சம்பளம் வாங்கும் எதிரணி கோச்சுக்குத் தெரியாதா? முதல் முயற்சியில் ஓடி ஒரு யார்டு. இரண்டாவதும் ஓட்டம், பூஜ்யம். மூன்றாவதில் ஒன்பது யார்டு வேண்டும். நான்கு யார்டு தள்ளி நிற்பவனுக்கு எறிவார்கள், அவன் பிடித்த இடத்திலேயே விழுவான். நான்காவது, பன்ட். மைதானம் முழுக்க அந்த 'ஊஊ' கேட்கும்.

இதில் கோஆர்டினேட்டர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை ரசிகன் பேசமாட்டான். முன்வரிசை தாங்காவிட்டால் நீளமான பாஸுக்கு நேரமே கிடையாது. குவார்ட்டர்பேக்கை அடித்துச் சாய்த்துவிடுவார்கள். அதனால்தான் குட்டிப் பாஸ். 2023-ல் மிச்சிகன் பல்கலைக்கழக அணியிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் கேட் மெக்நமாராவுக்கு செப்டம்பர் கடைசியில் முழங்காலில் அடிபட்டது. மாற்று ஆட்டக்காரர் டீக்கன் ஹில்லை வைத்துத்தான் மிச்ச சீசன். அதுவரைக்கும் சரி.

'அவரிடம் ஆள் இல்லை' என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பாஸ் பிடிக்கும் சார்லி ஜோன்ஸ் என்ற ரிசீவர் 2021-ல் அயோவாவில் பிடித்தது 21 கேட்ச். அடுத்த வருடம் பர்டூ பல்கலைக்கழக அணிக்கு மாறிப் போனார்; 110 கேட்ச், 1,361 யார்டு. டைட் எண்ட் சாம் லபோர்ட்டா 2022-ல் அயோவாவுக்கு ஆடிய கடைசி சீசனில் போட்டது ஒரே ஒரு டச்டவுன். 2023-ல் டெட்ராய்ட் லயன்ஸ் அணியில், அதுவும் என்.எஃப்.எல். முதல் சீசனில், 86 கேட்ச், 10 டச்டவுன். அதே கைதான், அதே கால்தான்.

இப்போது 2023 அக்டோபர் 21-க்கு வருகிறேன். மின்னசோட்டாவோடு ஆட்டம், ஜெயிப்பவர்களுக்கு வெண்கலப் பன்றி ஒன்று கோப்பை. மின்னசோட்டா 12-10 முன்னிலை, ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாக பாக்கி. அவர்கள் அடித்த பன்ட்டை கூப்பர் டீஜீன் எடுத்து 54 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். மைதானம் வெடித்தது. பிறகு ரிவ்யூ: பந்தை எடுப்பதற்கு முன் இடது கையை ஆட்டியது, 'ஓடமாட்டேன், பிடித்து நின்றுவிடுவேன்' என்று சொல்லும் ஃபேர் கேட்ச் சைகையை முறைப்படி காட்டாததாகக் கணக்கு, அதனால் ஓட்டம் செல்லாது. அம்பயரைத் திட்டாத வாய் அன்று ஊரில் இல்லை. எனக்கு எரிந்தது வேறு இடத்தில். பந்து அயோவா கையில்தான் இருந்தது, ஏறக்குறைய நடு மைதானத்தில். இரண்டு புள்ளிதான் பின்தங்கியிருந்தோம். இருபது யார்டு நகர்ந்தால் ஃபீல்டு கோலுக்காவது முயன்றிருக்கலாம். ஆனால் இரண்டாம் பாதி முழுவதிலும் அயோவா அஃபென்ஸ் எடுத்தது மொத்தம் 12 யார்டு. எறிந்த பாஸை எதிரணி பிடித்தது, முடிந்தது. 1999-க்குப் பிறகு மின்னசோட்டா கின்னிக்கில் ஜெயித்தது அன்றுதான். டீஜீனின் கையைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள், அந்த 12 யார்டைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஒன்பது நாள் கழித்து, சீசன் நடுவிலேயே, விளையாட்டுத் துறை இடைக்கால இயக்குநர் பெத் கோட்ஸ் அறிவித்தார்: இந்த சீசனோடு பிரையன் இருக்கமாட்டார். அதன்பிறகு என்ன ஆனது தெரியுமா? அயோவா ஜெயித்துக்கொண்டே போனது. நார்த்வெஸ்டர்னோடு 10-7. இல்லினாயோடு 15-13. நெப்ராஸ்காவோடு கடைசி நொடி ஃபீல்டு கோலில் 13-10. பத்து வெற்றி, அயோவா ஆடும் பிக் டென் லீக்கின் மேற்குப் பிரிவில் முதலிடம். சராசரி 25 வேண்டும் என்று எழுதி வாங்கிய அணி எடுத்தது 15.4.

கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. ரசிகன் எதை மோசமான ப்ளே காலிங் என்கிறானோ, கர்க் ஃபெரென்ட்ஸுக்கு அதுதான் திட்டம். தவறு செய்யாதே, ரிஸ்க் எடுக்காதே, பந்தைத் தொலைக்காதே. பன்ட் அடித்து எதிரணியை அவர்கள் கோட்டுக்குள்ளேயே முடக்கு, மிச்சத்தை டிஃபென்ஸ் பார்த்துக்கொள்ளும். டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கருக்கு 2023-ல் நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளர் விருதான பிராய்ல்ஸ் கிடைத்தது. மெல்போர்னிலிருந்து வந்த பன்ட்டர் டோரி டெய்லர் அந்த சீசனில் 93 முறை உதைத்து 4,479 யார்டு எடுத்து, 1938-லிருந்து இருந்த தேசிய சாதனையை முறித்தார். இந்த ஊரில் பன்ட்டரின் பெயரில் டி-ஷர்ட் போட்டுத் திரிகிறார்கள். வேறெந்த ஊரிலாவது பன்ட்டர் கதாநாயகனாக இருந்து கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

தோற்றிருந்தால் எப்போதோ ஆளை மாற்றியிருப்பார்கள். ஜெயித்ததால் திட்டம் சரி என்று ஆகிவிட்டது. நவம்பரில் 13-10 என்று ஜெயிக்கும் ஆட்டம், சீசன் கடைசியில் நிஜமான பெரிய அணி எதிரில் வரும்போது என்ன ஆகும் என்று ரசிகனுக்குத் தெரியும். பிக் டென் சாம்பியன்ஷிப்பில் மிச்சிகனிடம் 26-0 என்று தோல்வி. சீசனுக்குப் பிந்தைய சிட்ரஸ் பவுல் ஆட்டத்தில் டென்னசியிடம் 35-0. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஒரு புள்ளி இல்லை. தலைசிறந்த டிஃபென்ஸ் கையில் இருந்த வருடங்கள் இப்படித்தான் கரைந்தன. கல்லூரியில் ஒரு பையன் ஆடுவது நான்கைந்து வருடம். அந்தக் கூட்டம் போனால் போனதுதான்.

மகன் போனபிறகு சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். பாதி. 2024-ல் புது அஃபென்சிவ் கோஆர்டினேட்டராக டிம் லெஸ்டர் வந்தார். கேலப் ஜான்சன் ஓடியே 1,537 யார்டு, 21 டச்டவுன். புள்ளிச் சராசரி 25-ஐத் தாண்டியது, யாரும் ஒப்பந்தத்தில் எழுதாமலேயே. பாஸ் மட்டும் நாட்டின் கடைசி வரிசையிலேயே கிடந்தது, வெற்றியும் எட்டாகக் குறைந்தது. பக்கத்து சீட் பெரியவர் இப்போதும் பந்து அசைவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறார். ஆனால் முன்பு பத்துக்கு எட்டு சரியாக வரும், இப்போது அவ்வளவு வருவதில்லை. அதற்கும் திட்டுகிறார்.