பரணைக் காலி செய்யும் முன் பத்திரத்தைத் தேடுங்கள்

வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கும்பகோணத்தில் அப்பா 1994-ல் கட்டிய வீடு. அவர் இப்போது இல்லை. அம்மா, நான், தங்கை என மூன்று பேர். பிள்ளைகள் படிப்புக்காக ஜூன் மாதத்துக்குள் கோவைக்குக் குடிபோக வேண்டும். வீடு நிறைய சாமான். முதலில் சுத்தம் செய்வதா, விலை பேசுவதா?

இரண்டுக்கும் முன்னால் காகிதம். அது முடியும்வரை பழைய பேப்பர் கடைக்காரரை வாசலுக்குக் கூப்பிடாதீர்கள். பரணில் தகரப் பெட்டியிலும் மஞ்சள் பையிலும் குப்பைபோல் கிடப்பவைதான் விற்பனையில் கேட்கப்படும்: தாய்ப்பத்திரம் (சொத்து இதற்கு முன் யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்), கட்டட அனுமதி வரைபடம், பழைய வீட்டு வரி ரசீது, கட்டுமானச் செலவுக் கணக்கு. கையால் எழுதிய பழுப்புத் தாள் என்று எடைக்குப் போட்டுவிட்டால் பிறகு நகல் வாங்கவே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் மூவருக்கும் சம பங்கு. இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. அப்பா இறந்த நாளில் அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால், பாட்டிக்கும் ஒரு பங்கு. பாட்டி பிறகு இறந்திருந்தால் அந்தப் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதாவது உங்கள் அத்தை, சித்தப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வாங்குபவரின் வக்கீல் கடைசி வாரத்தில் இதைக் கண்டுபிடித்தால் பேரமே நின்றுபோகும். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவையும் சொத்து வரியையும் வாரிசுகள் பெயருக்கு மாற்றிவிட்டு விலை பேசுங்கள்.

பதிவுத்துறை இணையதளத்தில் 30 ஆண்டு வில்லங்கம், அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல் எடுத்து, சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை மூன்றையும் பத்திரத்தோடும் பட்டாவோடும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் அதைவிடக் குறைவு என்றால் முதலில் சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். அந்தக் குறையை வாங்குபவர் கண்டுபிடித்தால் விலையை அடித்துக் கேட்க அதுவே போதும்.

வங்கிக் கடனை அடைத்து இரண்டு வருடம் ஆகிறது. பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் வில்லங்கத்தில் இன்னும் அடமானம் என்றே வருகிறதே? — வாசகர், சேலம்

கடன் வாங்கியபோது உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கு ஒரு பத்திரம் பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்ததற்கு வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து இரசீது ஆவணம் பதிந்து கொடுத்தால்தான் அந்த அடமானம் தீர்ந்தது என்பது வில்லங்கத்தில் ஏறும். வங்கி தரும் ‘நிலுவை இல்லை’ கடிதம் மட்டும் போதாது. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவில் உள்ள அடமானத்தையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கிளை மேலாளரிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள்.

வாங்குபவர் நாளைக்கே அட்வான்ஸ் தருகிறேன், வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்வோம் என்கிறார். சரியா?

வேண்டாம். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். 2012 டிசம்பரிலிருந்து சட்டம் இதுதான். பதிவு செய்வதிலும் கவனம் தேவை. பேரம் முறிந்தால் வாங்குபவரும் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திடும்வரை அந்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் தெரிந்துகொண்டே இருக்கும்; அடுத்தவர் தொடமாட்டார். அதனால் ஜெராக்ஸைக் கொடுத்து, அவருடைய வக்கீல் பார்த்து முடித்த பிறகே ஒப்பந்தத்துக்குப் போங்கள். ஜெராக்ஸின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே ‘பார்வைக்கு மட்டும்’ என்று எழுதிவிடுங்கள். அசலைப் பதிவு நாளில் கொண்டு போனால் போதும்.

ஒப்பந்தத்தில் கெடு, மீதித் தொகை, வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் எப்போது எவ்வளவு திரும்பும், சாவி ஒப்படைக்கும் நாள் ஆகியவை இருக்கட்டும். அட்வான்ஸானாலும் மீதியானாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழும். விற்பனை மதிப்பு 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார். பான் எண்ணில் ஓர் எழுத்துப் பிசகினாலும் அது உங்கள் கணக்கில் வராது. வருமான வரித் தளத்தில் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

ஹால் சுவரில் ஓதம். பெயின்ட் அடித்து மறைத்துவிட்டுக் காட்டலாம் என்கிறார் தரகர். — வாசகி, திருநெல்வேலி

செய்யாதீர்கள். ஈரச் சுவரில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் ஒரே மழையில் கொப்பளம் கொப்பளமாகப் புடைத்து உதிரும். பார்த்ததும் தெரியாத குறையை விற்பவர் வாங்குபவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டமும் சொல்கிறது. மறைத்தால் விற்ற பிறகும் வழக்கு தொடரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் நின்றால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே சரியாகும். கூரைக்குக் கீழே கறை என்றால் மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலோ தட்டோட்டின் இணைப்பு விட்ட இடத்திலோதான் ஒழுகும். அதை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் அடியுங்கள். சரிசெய்த ரசீதை வாங்குபவரிடம் காட்டினால் அவருக்கு நம்பிக்கை வரும்.

விற்ற பணத்துக்கு வரி எவ்வளவு?

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் லாபத்தில் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தாக இருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் அடக்க விலையை விலைவாசிக் குறியீட்டின்படி உயர்த்திக் கழித்து, மீதி லாபத்தில் 20 சதவீதம் என்று கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதற்கு அந்த நாளின் சந்தை மதிப்பையே அடக்க விலையாக வைக்கலாம். அது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அதற்குப் பின் மாடி கட்டியிருந்தால் அந்தச் செலவும் கழியும், ரசீது இருந்தால். லாபத்தை இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கவோ மூன்று ஆண்டுக்குள் கட்டவோ போட்டால் விலக்கு உண்டு. வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடு வந்தும் வீடு அமையவில்லை என்றால், பணத்தை மூலதன ஆதாயக் கணக்கு என்று கேட்டு வங்கியில் போடுங்கள். சாதாரண டெபாசிட்டில் போட்டால் விலக்கு போய்விடும்.

அம்மா ஒரு பாத்திரத்தைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறார். புது வீடோ சின்ன அபார்ட்மென்ட். — வாசகி, மதுரை

அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் பெயர் வெட்டியிருக்கும். சீராக வந்ததை எடைக்குப் போட மனசு வராது. எதைத் தூக்கிப் போடலாம் என்று கேட்டால் சண்டைதான் வரும். புது வீட்டுச் சமையலறை அலமாரியையும் பரணையும் இன்ச் டேப்பால் அளந்து வந்து, அதே அளவுக்கு இந்த வீட்டுக் கூடத்தில் சாக்பீஸால் கட்டம் போடுங்கள். அதற்குள் அடங்குவதை அம்மாவே பொறுக்கி வைக்கட்டும். மிஞ்சும் அண்டா, தவலை, உருளியை முதலில் சொந்தபந்தத்துக்கும் கோயில் மடப்பள்ளிக்கும் கேளுங்கள். கடைக்கே போடுவதென்றால் செம்பு, பித்தளை, வெண்கலம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுங்கள்; கலந்து போட்டால் எல்லாமே குறைந்த விலைக்குப் போகும். எடைத் தராசில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீர் நிரப்பி வைத்துப் பாருங்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் காட்ட வேண்டும். அதற்குக் கீழே காட்டினால் வேறு ஆளைப் பாருங்கள்.

மரச் சாமானில் கட்டிலின் மூட்டுகளைத் தட்டுங்கள். மாவாக உதிர்ந்தால் உளுத்தது. பின்பக்கம் மண்கோடு இருந்தால் கரையான். அதைப் புது வீட்டுக்கு ஏற்றாதீர்கள்.

சாமான் ஏற்றும் நாளில் கவனிக்க வேண்டியது? — வாசகர், வேலூர்

புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் மட்டும் போடுங்கள். பெரிய பெட்டி அடியோடு பிய்ந்துவிடும். ஃப்ரிட்ஜை முந்தைய நாளே அணைத்து, ஐஸ் கரைந்ததும் துடைத்து, நின்றபடியே ஏற்றச் சொல்லுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். இறக்கியதும் சில மணி நேரம் நிற்க விட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது கழற்றிய நீள போல்ட்டுகளைத் தேடி மறுபடி மாட்டுங்கள். இல்லையென்றால் வழியில் டிரம் ஆடி உள்ளே உடையும்.

எரிவாயு சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் இணைப்பு முடித்த சீட்டையும் வாங்கிக்கொண்டு, அதைப் புது ஊர் ஏஜென்சியில் காட்டுங்கள். இணைப்பு காலமானவர் பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தை ஏற்கெனவே முடித்திருக்க வேண்டும். சாவி கொடுக்கும் அன்று மின் மீட்டரைப் போட்டோ எடுத்து, அந்த ரீடிங் வரைக்கும் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். பத்திரக் கோப்பும் நகையும் உங்கள் மடியிலேயே வரட்டும்.